அறுபத்தோரு ரூபாய்ச் செந்துளுவன்

செங்கல்
19 ஜூன் 1955

என் செல்ல மகள் சுகிர்தபாய்க்கு அப்பன் பொன்னையன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம். அம்மாவின் முட்டுவலிக்கு மட்டும் சுகமில்லை. நீ பாளையங்கோட்டை விடுதிக்குச் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாய் என்று ஒரு கார்டு போடக்கூடாதா? ஆறு நாளாக நான் வழிமறித்து வழிமறித்து, இப்போது என்னைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளை வேறு பக்கம் திருப்புகிறார்.

உன்னைப் பாறசாலையில் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சந்தையில் சுவாமிதாஸ் நின்றான். "இருபது மைல்ல திருவனந்தபுரத்துல காலேஜ் கெடக்கு. பெண்பிள்ளைய பாளையங்கோட்டைக்கு என்னத்துக்குலே அனுப்புதே?" என்று கேட்டான். "நாளைக்கு நம்ம ஊரு மதராஸோட சேரும். அப்போ அங்க படிச்ச பிள்ளைக்காக்கும் வேலை" என்றேன். "எல்லை எங்க வரும்னு ஒனக்கிட்ட வந்து சொன்னாவளா?" என்று சிரித்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு. வேறொரு நாளாயிருந்தால் நானும் விட்டிருக்க மாட்டேன். உன் படிப்புக்குப் பணம் தந்தவன் என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடனைப் பற்றி நீ பஸ்ஸில் ஏறும்வரை கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரு துண்டு நிலத்தை அவனுக்கு ஒற்றி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஒற்றி என்றால் விற்பது இல்லை. பணத்தைத் திருப்பும்வரை விளைவது அவனுக்கு, திருப்பிய அன்றைக்கே நிலம் நமக்கு. உன் பரீட்சை ஃபீஸுக்கும் கடைசி டேர்ம் விடுதிக்கும் அறுபது ரூபாயை அம்மா சிவப்புத் துணியில் முடிந்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதை நான் தொடக்கூடாதாம். தொடுவேனா?

பென்சில் முனை ஒடிந்துவிட்டது. நன்றாகச் சாப்பிடு. ராத்திரி ஜெபிக்க மறக்காதே.

உன் அப்பன்,
பொன்னையன்

*

பாளையங்கோட்டை
3 ஜூலை 1955

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகிர்தம் எழுதுகிறேன். நான் நல்ல சுகம். அம்மாவின் முட்டுக்கு எண்ணெய் காய்ச்சிப் போடுகிறார்களா? கார்டு போடாதது என் தப்புதான். தபால்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இன்டர்மீடியட் கடைசி வருஷம் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். எனக்குப் படிப்பைவிடச் சாம்பாரைக் கண்டால்தான் பயம். நான் "வாறேன்" என்றால் அறையில் மூன்று பெண்களும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "நீ மலையாளமா, தமிழா?" என்று ஒருத்தி கேட்டாள். "அது இன்னும் தீர்மானமாகவில்லை, டெல்லியில் கமிஷன் வைத்து விசாரிக்கிறார்கள்" என்றேன். அதற்கப்புறம் அவள் என் சிநேகிதி.

அப்பா, "ஒரு துண்டு நிலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்கு இருப்பதே வீட்டைச் சுற்றிய பறம்பும் ஓடைக்கரையில் கீழ்த் தோட்டமும்தான். இதில் எந்தத் துண்டு? நீங்கள் போன வருஷம் நட்ட செந்துளுவன் வாழை இப்போது எவ்வளவு உயரம்? அதற்கும் பதில் எழுதுங்கள்.

அன்பு மகள்,
சுகிர்தம்

*

செங்கல்
21 ஆகஸ்ட் 1955

அன்பு மகள் சுகிர்தத்துக்கு,

நாங்கள் சுகம். பதில் பிந்திவிட்டது. மழை, பிறகு சந்தை, பிறகு கூட்டம். போன வருஷம் ஆகஸ்டில் மதராஸோடு சேரக் கேட்டவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அதே நாளில் மார்த்தாண்டத்தில் கூடினார்கள். நான் போய்ப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். அம்மாவிடம் முட்டுக்கு எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். எண்ணெய் வாங்க மறந்துவிட்டேன். மீதியை நீயே ஊகித்துக்கொள்.

சுவாமிதாஸ் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டான். "எந்தக் கொடி பறந்தாலும் மரச்சீனிக் கெழங்குக்கு ஒரே விலைதான்லே" என்கிறான். மனுஷனுக்கு உணர்ச்சி என்று ஒன்று இல்லை. ஆனால் அவன் மனைவி சத்தியபாய் நல்லவள். அம்மாவுக்கு எண்ணெய் கொடுத்தனுப்பியது அவள்தான்.

செந்துளுவன் உயரம் கேட்டாயே. நேற்று வேலிக்கு இப்புறம் நின்று பார்த்தேன். என் தலைக்கு மேல் ஒரு முழம். குலை தள்ளியிருக்கிறது. ஏழு சீப்பு எண்ணினேன், மேலேயும் இருக்கும், இலை மறைக்கிறது. தண்டின் நிறம் ஒன்று போதும். இந்த வட்டாரத்தில் இப்படிக் கன்று பார்த்து வைக்கிறவன் யார் இருக்கிறான்?

சாம்பாரைத் தின்னப் பழகு. அங்கே உனக்கு மரச்சீனியும் மீனும் யார் தருவார்?

அப்பன்,
பொன்னையன்

*

பாளையங்கோட்டை
4 செப்டம்பர் 1955

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகமாயிருக்கிறேன். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நம்முடைய தோட்டத்தை நீங்கள் ஏன் வேலிக்கு இப்புறம் நின்று பார்க்க வேண்டும்?

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கீழ்த் தோட்டத்தைத்தானே ஒற்றி கொடுத்திருக்கிறீர்கள்? வேறு எதைக் கொடுத்திருந்தாலும் எனக்கு இவ்வளவு வருத்தம் வராது, அப்பா. அந்தக் கன்றை எங்கேயோ கேட்டு வாங்கி, நனைந்த சாக்கில் சுற்றி, தோளில் வைத்து நடந்தே கொண்டுவந்தீர்கள். நான் எட்டி எட்டிப் பார்த்தேன் என்று திட்டினீர்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் உண்டு.

நான் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன். மிச்சப் பணத்தைக் கொடுத்து மீட்டுவிடலாம். எங்கேயாவது பாலர் வகுப்புக்கு வேலை கிடைக்கும். பரீட்சை ஃபீஸையும் விடுதிப் பாக்கியையும் டிசம்பர் பத்தாம் தேதிக்குள் கட்டாதவர்கள் பரீட்சை எழுத முடியாது என்று போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். நான் வருவதென்றால் அதற்கு முன்னால் வந்துவிடுவது நல்லது. உத்தரவு தாருங்கள்.

சுகிர்தம்

*

செங்கல்
11 செப்டம்பர் 1955

சுகிர்தத்துக்கு,

சுகம். உத்தரவு இல்லை.

நீ என்ன பெரிய மனுஷியா, நிலம் மீட்க வருகிறாய்? தோட்டம் எங்கும் ஓடிப்போகாது. ஓடைக்கரையில் அப்படியே கிடக்கும். வயது ஓடிப்போகும். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது என் அப்பா சொன்னதும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றுதான். அந்த அடுத்த வருஷத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஃபீஸுக்குப் பணம் பெட்டிக்குள் இருக்கிறது. சிவப்புத் துணி, அம்மா போட்ட முடிச்சு. வானம் இடிந்து விழுந்தாலும் அதில் என் கை படாது. டிசம்பருக்கு முன்னாலேயே வரும். போய்ப் படி.

எல்லைக் கமிஷன் அறிக்கை எந்த நிமிஷமும் வரும் என்கிறார்கள். நம் நெய்யாற்றின்கரை தாலுகா முழுக்க மதராஸுக்குத்தான். பிறகு பார், சுவாமிதாஸின் முகம் எப்படிப் போகிறது என்று.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் உண்டு.

பொன்னையன்

*

பாளையங்கோட்டை
6 நவம்பர் 1955

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகம் தெரியவில்லை. செப்டம்பருக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அக்டோபரில் இரண்டு கடிதம் போட்டேன்.

அறிக்கையைப் பத்திரிகையில் வாசித்தேன். மதராஸோடு சேர்வது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை. நம் நெய்யாற்றின்கரை இல்லை. இரண்டு தரம் தேடிப் பார்த்தேன். அப்பாவுக்கு எப்படி இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அதனால்தான் எழுதவில்லையா?

அறுப்புப் பண்டிகை முடிந்திருக்குமே. ஒவ்வொரு வருஷமும் நீங்கள்தான் கோயில் ஏலத்தில் எந்தப் பூசணி எவ்வளவு போனது, ஏலம் விடும் எலியா உபதேசியார் எத்தனை தரம் கையை ஆட்டினார் என்று ஒன்றுவிடாமல் எழுதுவீர்கள். இந்த வருஷம் ஒன்றும் எழுதவில்லை.

ஃபீஸ் கட்டாதவர்கள் பட்டியலில் நாங்கள் நான்கு பேர் பாக்கி. வார்டனம்மா நல்லவர், சத்தம் போடவில்லை. என்னைப் பார்க்கும்போது மட்டும் போர்டையும் ஒரு தரம் பார்க்கிறார்.

சுகிர்தம்

*

செங்கல்
14 நவம்பர் 1955

சுகிர்தத்துக்கு,

சுகம். பணம் வரும். மழையால் சந்தை சரியில்லை. பண்டிகை நல்லபடி நடந்தது. அம்மாவுக்கு முட்டுவலி. நன்றாகப் படி.

பொன்னையன்

*

செங்கல்
17 நவம்பர் 1955

என் மகள் சுகிர்தத்துக்கு அம்மா ஜெயபாய் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மக்கா, நீ சுகமாயிருக்கிறாயா? தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? அப்பா சந்தைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன். எனக்கு வேதம் வாசிக்க வரும், எழுத அவ்வளவு வராது. தப்பு இருந்தால் சிரிக்காதே.

பணம் இல்லை, மக்கா. பெட்டியில் சிவப்புத் துணி மட்டும் இருக்கிறது.

அக்டோபர் பதினாறாம் தேதி அறுப்புப் பண்டிகை. அதற்கு ஆறு நாள் முன்னால்தான் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. அப்பா மூன்று நாள் சந்தைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டு "வா, கோயிலுக்குப் போவோம்" என்றார். நான் ஒரு கோழியைக் காணிக்கையாகக் கொண்டுபோனேன்.

எல்லாரும் முதற்பலன் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். சுவாமிதாஸ் அண்ணன் ஒரு செந்துளுவன் குலையை ஆள் வைத்துத் தூக்கிவந்து வைத்தார். பத்துச் சீப்பு. அப்பா அதைப் பார்த்ததை நான் பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தேன். குலையைப் பார்த்தால் எந்தத் தோட்டத்து வாழை என்று தெரியுமா? அப்பாவுக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்து ஏலம். உனக்குத் தெரியுமே, சிரிப்பும் கேலியுமாக ஒரு முட்டையைக்கூட ஒரு ரூபாய்க்கு ஏற்றி எடுப்பார்கள், கர்த்தருக்குத்தானே என்று. எலியா உபதேசியார் குலையைத் தூக்கி, "சுவாமிதாஸின் தோட்டத்தில் விளைந்த முதற்பலன்! செந்துளுவன்!" என்றார். அவர் மேல் தப்பில்லை. கொண்டுவந்தவர் பேரைத்தான் சொல்ல வேண்டும்.

அப்பா எழுந்தார். "அஞ்சு ரூவா" என்றார்.

சுவாமிதாஸ் அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்து, "ஏழு" என்றார். அப்பா பத்து என்றார். இவர் பன்னிரண்டு என்றார். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். இருபது தாண்டியதும் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து யாரோ ஒருவன், "மதராஸுக்குப் போறவன் எடுப்பானா, இங்க கெடக்கியவன் எடுப்பானா, பாப்போம்" என்றான். அதுதான் கெடுத்தது. இரண்டு பேர் முகமும் மாறிவிட்டது. முப்பது, நாற்பது, ஐம்பது. அப்பா அறுபது என்றார். பெட்டியில் இருந்ததும் சரியாக அறுபதுதான். நான் இருமினேன். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை.

"அறுபதரை" என்றார் சுவாமிதாஸ் அண்ணன்.

"அறுபத்தொண்ணு" என்றார் அப்பா. பிறகு மெதுவாக, "அது நான் வச்ச வாழையாக்கும்" என்றார்.

சத்தியபாய் அவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா வீட்டுக்கு நடந்து போய், பெட்டியைத் திறந்து, அந்த முடிச்சை எடுத்துவந்து, மடியிலிருந்த ஒரு ரூபாயையும் சேர்த்து மேசையில் வைத்தார். கர்த்தருக்கென்று சொன்னதைத் திரும்பக் கேட்க முடியுமா? பிறகு குலையைத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு நன்றாயிருந்திருக்கும்.

குலை விட்டத்தில் தொங்கிப் பழுத்தது. வீடு முழுக்க வாசனை. இரண்டு பேரும் தொடவில்லை. நான்காம் நாள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டேன்.

இப்போது வீட்டுப் பறம்பில் மரச்சீனியை மூப்பாகும் முன்னே பிடுங்கி விற்கிறார். பன்னிரண்டு ரூபாய் சேர்ந்திருக்கிறது. டிசம்பர் பத்துக்குள் ஆகாது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அப்பாவிடம் கேட்காதே, மக்கா. அவர் ராத்திரி சாப்பிடுவதில்லை.

அம்மா

*

பாளையங்கோட்டை
5 டிசம்பர் 1955

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

அப்பா அனுப்பிய அறுபது ரூபாய் மணியார்டர் போன வியாழக்கிழமை கிடைத்தது. அன்றைக்கே கட்டிவிட்டேன். வார்டனம்மா என் பேரை அடித்துவிட்டு, "இனி போர்டைப் பார்க்காதே, புத்தகத்தைப் பார்" என்றார். மார்ச் மாதம் பரீட்சை. நான் பாஸாவேன், அப்பா. பெருமைக்குச் சொல்லவில்லை.

கூப்பனில் "நன்றாகப் படிக்கவும். பொன்னையன்" என்று எழுதியிருக்கிறது. அழகான கையெழுத்து, மசியில். அப்பா பென்சிலில்தானே எழுதுவீர்கள். அதுவும் எனக்கு எழுதும்போது இரண்டு வார்த்தையோடு நிறுத்தமாட்டீர்கள். நவம்பர் மாதக் கடிதத்தைத் தவிர.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கிடைத்தது என்று சொல்லத்தான் எழுதினேன்.

உங்கள் மகள்,
சுகிர்தம்

*

செங்கல்
18 டிசம்பர் 1955

என் மகள் சுகிர்தத்துக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும்.

உன் கடிதத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே தபால்காரர் ஒரு சீட்டைக் கொண்டுவந்து தந்தார். அறுபது ரூபாய் பெற்றுக்கொண்டேன் என்று உன் கையெழுத்து. அனுப்பியவர் பொன்னையன், செங்கல். நான் அனுப்பாத பணத்துக்கு என் மகள் எனக்கே ரசீது அனுப்பியிருக்கிறாள்! "என்னா அண்ணாச்சி, சொந்தச் சீட்டைப் பார்த்து முழிக்கிய?" என்று தபால்காரர் கேட்டார். யார் வந்து கட்டியது என்று அவரிடமே கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார். பிறகு சுவாமிதாஸின் வீட்டுப் பக்கம் பார்த்தார்.

அம்மா உனக்கு எல்லாம் எழுதிவிட்டாள் என்று நேற்றுச் சொன்னாள். ஆகவே நான் சுற்றி வளைக்கவில்லை. உன் படிப்புக் காசை நான்தான் வாழைக்குலைக்குக் கொடுத்தேன். அவன் தோட்டம் என்று சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான் காரணம். காகிதப்படி அது சரிதான். என் காதுதான் ஒத்துக்கொள்ளவில்லை. வானம் இடிந்தாலும் தொடமாட்டேன் என்று உனக்கு எழுதியவன் நான். இரண்டு மாதமாக உன் கடிதத்தைப் பிரிக்கவே எனக்குப் பயமாயிருந்தது. என்னை மன்னித்துக்கொள், மக்கா.

சீட்டை எடுத்துக்கொண்டு சுவாமிதாஸ் வீட்டுக்குப் போனேன். அவன் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"எலே, எனக்கப் பேரப் போட்டு நீ எப்பிடிப் பணம் அனுப்புவே? நான் பிச்சைக்காரனா?" என்றேன்.

"சத்தம் போடாத. ஒனக்கப் பெண்டாட்டி எனக்கப் பெண்டாட்டிக்கிட்ட சொல்லி அழுதா. எனக்கு ரெண்டு நாளா வீட்டுல கஞ்சி கெடைக்கல்ல" என்றான்.

"அதுக்கு?"

"அதுக்கா? அஞ்சு ரூவாய்க்கு நீ எடுக்க வேண்டிய கொலைய அறுபதுக்கு ஏத்தினது நானாக்கும். அது பிள்ளைக்க ஃபீஸுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா ஏத்துவனா? எனக்கும் அன்னைக்கு ஒரு பேய் பிடிச்சுது."

ஒற்றிக் காகிதத்தில் இந்த அறுபதையும் சேர்த்து எழுது என்றேன். முடியாது என்றான். நான் விடவில்லை. அவனும் விடவில்லை. சத்தியபாய் உள்ளேயிருந்து வந்து, "இனியும் ஏலமா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் வாயை மூடினோம்.

கடைசியில் அவன் சொன்னது இது: "நீ தந்தா வாங்கமாட்டேன். பிள்ள படிச்சு, சம்பாதிச்சு, அவ கையால அனுப்பினா வாங்குவேன்."

அவன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் வரும்போது ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் வரை எனக்குக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதே. படி.

அப்பன்,
பொன்னையன்

*

தோவாளை
21 அக்டோபர் 1956

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். இங்கே காற்று அதிகம். புடவையைப் பிடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. அம்மா, இப்போது மாடிப்படி இல்லாத வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். கிறிஸ்துமஸுக்குப் பிறகு வந்து ஒரு வாரம் இருந்தால் முட்டு தாங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னை "டீச்சர்" என்று கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்க்கிறேன். முதல் மாதத்தில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிட்டேன். என் தமிழைக் கேட்டு இங்கே யாரும் சிரிப்பதில்லை. முதல் சம்பளத்தை நம் வழக்கப்படி கோயிலில் படைத்துவிட்டேன். அடுத்தடுத்த மாதங்களில் மிச்சம் பிடித்து அறுபது ரூபாய் சேர்ந்தது. அதை இத்துடன் மணியார்டரில் அனுப்புகிறேன். சுவாமிதாஸ் மாமா கையில் அப்பாவே கொடுக்க வேண்டும். என் கையால் அனுப்பியது என்று சொல்லுங்கள். இதற்குப் பிறகு ஒற்றிக்கும் மாதாமாதம் அனுப்புவேன். இரண்டு வருஷம் ஆகலாம்.

நவம்பர் முதல் தேதி முதல் நான் மதராஸ் ராஜ்யம், நீங்கள் கேரளம். பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுக்கப் போகிறார்கள். அப்பா எனக்காகக் கட்டிய பந்தயம் பாதி ஜெயித்துவிட்டது. பாதிதான். அதை நினைத்தால் மிட்டாய் இறங்காது போலிருக்கிறது.

அறுப்புப் பண்டிகைக்கு வர லீவு இல்லை. அப்பா, ஏலத்துக்கு மட்டும் வெறுங்கையோடு போங்கள்.

சுகிர்தம்

*

செங்கல்
9 நவம்பர் 1956

எங்கள் டீச்சர் சுகிர்தபாய்க்குக் கேரள ராஜ்யத்திலிருந்து அப்பன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். மதராஸ் ராஜ்யத்தில் காற்றெல்லாம் சுகமா?

முதல் தேதி ராத்திரி நான் முன்கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிட்டேன். களியக்காவிளையில் இனி எல்லையாம். நேற்று வரை தேங்காய் விற்கப் போன இடம். இதைப் பற்றி இனி எழுதமாட்டேன். நீ அந்தப் பக்கம் நிற்கிறாய், அது எனக்குப் போதும். போதாது, ஆனாலும் போதும்.

உன் பணம் வந்த அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். "பிள்ள அனுப்பினதா? கொண்டா" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சத்தியம், கஞ்சி எடு" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். அந்தச் சட்டைப் பை தெரிய அன்றைக்கு முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தான்.

போன ஞாயிறு பண்டிகை. மழையால் இரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. நீ சொன்னபடி வெறுங்கையோடு கிளம்பினேன். அம்மாதான் வாசலில் கூப்பிட்டு இரண்டு ரூபாய் கையில் வைத்தாள். "ஒரு முட்டையாவது எடுத்துட்டு வாருங்கோ" என்றாள்.

சுவாமிதாஸ் இந்த வருஷமும் ஒரு செந்துளுவன் குலை கொண்டுவந்து வைத்தான். நான் வைத்த அதே மூட்டில் வந்த கன்று. ஒன்பது சீப்பு. போன வருஷத்தைவிட ஒன்று குறைவு, சரியாகத் தண்ணீர் விட்டிருக்கமாட்டான். நான் பின்னால் போய் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

எலியா உபதேசியார் குலையைத் தூக்கினார். வாயைத் திறக்கவில்லை. போன வருஷம் அவர் பட்ட பாடு அவருக்கு மறக்குமா? சுவாமிதாஸைப் பார்த்து, "யாருக்கத் தோட்டம்னு சொல்லட்டு?" என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் கோயில் முழுக்கக் கேட்டது.

சுவாமிதாஸ் எழுந்தான். "இது என்ன கேள்வி ஓய்? பொன்னையனுக்கத் தோட்டம். செந்துளுவன் வைக்கியவன் இந்த ஊர்ல வேற எவன் உண்டு?" என்றான்.

ஒற்றி தீரவில்லை, மக்கா. நீ சொன்னபடி இன்னும் இரண்டு வருஷம் கிடக்கிறது. காகிதப்படி அது அவனுடைய தோட்டம்தான். அது எலியா உபதேசியாருக்கும் தெரியும், சபைக்கும் தெரியும். உபதேசியார் குரலை உயர்த்தி, "பொன்னையனின் தோட்டத்தில் விளைந்த முதற்பலன்! செந்துளுவன்!" என்றார். நான் அழுதேன் என்று அம்மா உனக்கு எழுதுவாள். நம்பாதே. ஜன்னல் பக்கம் தூசி.

"ஒரு ரூவா கேக்க ஆளில்லியா?" என்றார் உபதேசியார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் நான் எழுந்து "ரெண்டு" என்றேன். சுவாமிதாஸ் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். குலை எனக்கு.

வெளியே வந்ததும் அவன் என்னோடு நடந்தான். "வேலிக்கு அந்தாலே நின்னு எட்டிப் பாக்கியது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? மூட்டுல மூணு கன்னு உண்டு. எனக்குப் பிரிக்கத் தெரியாது. நாளைக்கு மண்வெட்டி எடுத்துட்டு வா" என்றான். திங்கட்கிழமை விடிந்ததும் போனேன். வேலிப் படலைத் திறந்துதான் உள்ளே போனேன்.

குலை நேற்றுப் பழுத்தது. பாதியைச் சத்தியபாய் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மா ஒன்றை உரித்துத் தந்தாள். வாயில் வைத்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது, போன வருஷம் அறுபத்தோரு ரூபாய் கொடுத்தும் நான் அதை ருசி பார்க்கவில்லை. நல்ல இனிப்பு, மக்கா.

உனக்கு ஆறு பழம் துணியில் சுற்றி நாகர்கோவில் பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் நாகர்கோவில் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள். அதே சிவப்புத் துணிதான், அம்மா பத்திரமாகத் திருப்பிக் கேட்கிறாள். களியக்காவிளையில் யாராவது தடுத்து, யாருடைய தோட்டத்துப் பழம் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பன்,
பொன்னையன்